முதலூர்: தேரி நாட்டில் ஒரு குடியேற்றத்தின் தோற்றமும் இயல்பும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், சாத்தான்குளத்திற்கு அணித்தாய், செம்மணல் தேரியின் விளிம்பில் இருக்கும் முதலூர் என்னும் கிராமம், 1799ஆம் ஆண்டில் விலைகொடுத்து வாங்கப்பெற்ற ஒரு துண்டு நிலத்தின்மேல் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர்கள் தமக்கென்று வகுத்துக்கொண்ட ஊர்களுள் இதுவே காலத்தால் முற்பட்டது. இதன் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மிஷன் சரித்திரம் எழுதியவர்களே. ஆதலால், துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் ஒதுங்கிய அடைக்கல ஸ்தலம் என்ற ஒரு விளக்கத்தோடு அவர்கள் அமைந்துவிட்டனர். அவ்விளக்கம் பொய்யன்று; ஆனால் போதாது. சமயத்தின் பொருட்டுத் துன்பமுற்றோர் அக்காலத்தில் பல ஊர்களில் இருந்தனர். அவர்கள் அனைவரும் புதிதாக ஊர் கண்டுவிடவில்லை. துன்பமுற்றவருள் சிலர் மட்டும் ஏன் ஊராக நிலைத்தனர், ஏனையோர் ஏன் சிதறினர் என்று கேட்போமாயின், விடை சமயத்தின் பக்கம் மட்டுமின்றி, குடியிருந்த மனை எவருடைய பாத்தியதையில் இருந்தது என்னும் லௌகிகமான விஷயத்தின் பக்கமும் நம்மை இழுத்துச் செல்லும். அவ்வழியே சென்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பொருநையாற்றுப் பாசனம் எட்டாத தெற்குப் பிரதேசம் இது. ஆனி ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே புகுந்து வீசும் காற்று, செம்மணலை வாரியெடுத்து மேடுகளாகக் குவிக்கும். அம்மேடுகளும் அவற்றைச் சூழ்ந்த மணற்காடும் சேர்ந்தே தேரி எனப்படுவன. குதிரைமொழித் தேரி அவற்றுள் பெயர்போனது. காற்றடி காலத்தில் நேற்றிருந்த நடைபாதை இன்று தூர்ந்துபோவதும், வேலியின் பாதியை மணல் விழுங்குவதும் அங்கே சர்வசாதாரணம். நெல் என்பது விலைக்கு வாங்கும் பண்டம். இம்மண்ணில் எவர் தயவையும் எதிர்பாராது நிற்பது பனை ஒன்றே. அப்பனையை நம்பி வாழ்ந்தவர்கள், இன்று நாடார் என வழங்கும் சமூகத்தைச் சேர்ந்த பனையேறிகள்.

பனையேற்றத்தின் விவரம் அறியாதார்க்கு இக்குடியேற்றங்களின் சரித்திரம் விளங்காது. மாசி பங்குனியில் பாளை விடத் தொடங்கியதும் பனையேறியின் ஓய்வு முடிந்தது. விடியுமுன் எழுந்து, முருக்குத்தடியை மரத்தில் சாத்தி, கால்களில் திளாப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாள்பெட்டி தொங்க அவன் ஏறுவான். இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதிற் கட்டி, முன்பு கட்டிய கலயத்திலிருந்து ஊறலைக் குடுவையில் வார்த்துக்கொண்டு இறங்கி, அடுத்த மரத்துக்கு நடப்பான். முப்பது நாற்பது மரம் காலையிலும், அதே மரங்கள் மாலையிலுமாக, பருவம் ஓயும்வரை இதுதான் அவன் நாட்குறிப்பு. பனங்காட்டின் நடுவே ஓலையால் வேய்ந்த விடிலியில் அவன் மனைவி பதநீரைக் காய்ச்சுவாள். அது கூப்பனிப் பதம் கடந்து இறுகும் தறுவாயில் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பாள். சற்றுக் கண் அயர்ந்தால் அடிபிடித்துப் பண்டம் பாழ். பதநீர் கள்ளாகாமல் காப்பது சுண்ணாம்பு. கருப்பட்டி இளகிப்போகாமல் காப்பது அவள் கைப்பதம். ஒருவர் உழைப்பு நின்றால் மற்றவர் உழைப்பும் வீண் என்ற இக்கட்டான ஏற்பாடு அது.

இவ்வளவும் செய்தவனுக்கு மரம் சொந்தமன்று. மரத்துக்கும் நிலத்துக்கும் உரியோர், பல ஊர்களில் அதே சமூகத்தின் மேல்நிலையில் இருந்த நாடான்மார். வேறு சில ஊர்களில் வேளாளரும் பிறருமாவர். ஊர்க்காவல் உரிமையோ மறவர் வசம். இறக்கும் பதநீரில் ஒரு நாளைய ஊறல் மரக்காரனுக்கு, மறு நாளைய ஊறல் ஏறுபவனுக்கு என்னும் முறை பல இடங்களில் வழங்கியது. இதனினும் முக்கியமான செய்தி, பனையேறியின் குடிசை நின்ற மண்ணும் அந்த மரக்காரனுடையதே என்பது. குடியிருக்க இடம் கொடுத்தவன் கோயில் கொடைக்கு வரி கேட்பான், கூலியில்லாத ஊழியம் கேட்பான். மறுத்தவன் மறுநாள் ஓலையைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு வெளியேறவேண்டியதுதான். இந்நிலையில் ஒருவன் தன் குலதெய்வத்தை விட்டுப் புதிய சமயம் புகுந்தால், அது அவன் மனச்சாட்சியைப் பற்றிய தனிச் செய்தியாக நில்லாது. கொடை வரி நின்றது, படையலுக்குக் கிடா நின்றது, ஆகவே மனைக்காரனுடைய அதிகாரமும் கேள்விக்கு உள்ளாயிற்று. அவன் சினந்ததற்கு இறைபக்தியே முழுக் காரணம் என்று கொள்ளவேண்டுவதில்லை.

இனி, ஊர் பிறந்த கதை. பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை 1785இல் அங்கு ஓர் ஆலயம் கட்டுவித்ததும், 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அங்குச் சபையை நடத்தியதும், 1791இல் யேனிக்கே ஐயர் வந்துசேர்ந்ததும் பலரும் அறிந்தவை. இவையெல்லாம் கோட்டையும் கச்சேரியும் சார்ந்த நகரத்து நிகழ்ச்சிகள். தேரிக்காட்டுக்குச் செய்தி சென்ற வழி வேறு. சாத்தான்குளத்தை அடுத்த ஓர் ஊரிற் பிறந்த சின்னமுத்து என்பவர், இளமையில் வீட்டைவிட்டு ஓடித் தஞ்சாவூர் சேர்ந்து, அங்கே கிறிஸ்தவராகித் தாவீது சுந்தரானந்தம் என்னும் பெயருடன், உபதேசியாராகத் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். அந்நியர் சொல்லக் கேளாதவர்கள் உறவினன் சொல்லக் கேட்டனர். சண்முகபுரத்திலும் விஜயராமபுரத்திலும் சில குடும்பங்கள் அவரைப் பின்பற்றின. பின்பற்றியவுடனே மேற்சொன்ன இடர்ப்பாடு தலைகாட்டியது. எழுப்பிய ஜெபவீடு நிலைக்கவில்லை. குடியிருப்புகளில் தொல்லை மிகுந்தது.

அப்போது தாவீது மேற்கொண்ட முடிவே நம் ஆராய்ச்சிக்கு அச்சாணி. அவர் மனைக்காரர்களிடம் சமாதானம் பேசிக் காலம் கழிக்கவில்லை. தம்மவரைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்று கோட்டையின் நிழலில் குடிவைக்கவும் இல்லை. பனங்காட்டுக்குள்ளேயே, தொழிலை விட்டு அகலாமல், விலைக்கு ஒரு நிலம் வாங்கவேண்டும் என்று துணிந்தார். கம்பெனிப் படையில் அதிகாரியாய் இருந்த காப்டன் எவரெட் என்பவர் பணம் கொடுத்து உதவினார். நிலம் வாங்கி, கிணறு வெட்டி, ஆலயத்துக்கென்று ஒரு பந்தல் இட்டு, அங்கே குடியேறியவர்கள் 28 பேர். அவ்வாண்டின் பிற நிகழ்ச்சிகளை நினைவுகூர்ந்தால் இச்செயலின் துணிவு நன்கு புலப்படும்: அதே 1799இல்தான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். நவாபின் ஆட்சி பெயரளவில் நிற்க, வரி தண்டுவது கம்பெனியாக இருக்க, காவல் பாளையக்காரர் வசம் சிதறிக்கிடந்த அக்குழப்பத்தில், நியாயம் கேட்க ஏற்ற சபை எதுவென்று எவருக்கும் தெளிவில்லை. தாவீதும் அதை உணர்ந்தே இருந்தார் போலும். தம் மக்களைக் காக்கத் தடிக்கம்பு ஏந்திய ஆட்களை அவர் திரட்டிய செய்தி மிஷன் ஆவணங்களில் சற்று வருத்தத்துடன் குறிக்கப்படுகிறது. பின்னாளைய பிஷப்மார்களை அச்செயல் முகஞ்சுளிக்க வைத்தது இயற்கையே. எனினும், காவல் என்பதே தடியின் பலத்தில் நடந்த ஒரு நாட்டில், காவற்காரனுக்குக் கட்டணம் செலுத்த மறுத்த ஊர் தனக்குத் தானே காவல் வைத்துக்கொண்டதில் வியப்பு ஏது? அவர் நீண்ட நாள் வாழவில்லை. நஞ்சூட்டப்பட்டு இறந்தார் என்பது அவ்வட்டாரத்தில் வழங்கும் செய்தி.

முதலூரை ஐரோப்பியச் சமயக் குடியேற்றங்களின் தமிழ் நகல் என்று கருதுவாரும் உளர். மொராவிய சகோதரர்கள் சாக்சனி நாட்டில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் ஹெர்ன்ஹூட் என்னும் சமய கிராமத்தை அமைத்தனர். அவர்களே 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து ஒரு தோட்டக் குடியிருப்பை ஏற்படுத்தினர் என்பதும் மெய். ஆகவே கருத்து கடல் கடந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஹெர்ன்ஹூட்டில் நிலத்தை ஈந்தவன் பிரபு. குடியேறியவர்கள் அவனுடைய குடிகளாயினர். முதலூரிலோ பிரபுவினிடமிருந்து தப்புவதற்காகவே நிலம் வாங்கப்பட்டது. அன்றியும், ஒரு கூட்டத்தார்க்கு மனையும் நிலமும் வகுத்து ஓர் ஊரைப் புதிதாகத் தோற்றுவித்தல் தமிழ்நாட்டார் ஐரோப்பியரிடம் கற்கவேண்டிய வித்தையன்று. பிரமதேயங்கள் என்று நம் சாசனங்கள் கூறுவன யாவும் அத்தகைய ஏற்பாடுகளே. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள், அவ்விதம் வகுத்த ஓர் ஊரின் சபை தன் காரியங்களை எத்துணை நுணுக்கமாக நடத்திக்கொண்டது என்பதற்குச் சான்று. வேறுபாடு ஒன்று உண்டு: அவை அரசன் கொடையால், ஏற்கெனவே உயர்ந்திருந்தோர்க்கு வகுக்கப்பட்டவை, இது விலைப்பணத்தால், நிலமே இல்லாதோர் தமக்கு வகுத்துக்கொண்டது. சமூகத்தின் மேற்படியில் நடந்துவந்த ஒரு பழைய செயல், முதன்முறையாகக் கீழ்ப்படியிலிருந்து நடைபெற்றது என்பதே பொருத்தம்.

மனைப் பாத்தியதைக்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் மிகையன்று என்பதற்கு, அடுத்து வந்த பதினைந்து ஆண்டுகளின் வரலாறே பிரமாணம். 1802, 1803 ஆகிய ஆண்டுகளில் சென்னையிலிருந்து வந்த கெரிக்கே ஐயரும், அவரையடுத்துச் சத்தியநாதனும் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர். ஊர் ஊராகக் குலதெய்வத்தின் பீடங்கள் கைவிடப்பட்டன. ஆனால் அவர்களில் மிகப் பலர் பழைய மனைக்காரரின் நிலத்திலேயே குடியிருந்தவர்கள். எதிர்ப்பு மூண்டது, யேனிக்கே முன்பே இறந்திருந்தார், கெரிக்கேயும் இறந்தார், கண்காணிக்க ஆள் இல்லை, 1811ஐ ஒட்டி விஷக்காய்ச்சல் பரவிக் குடும்பங்களை அழித்தது. தெய்வக் குற்றம் என்று மனைக்காரன் சொன்னான். நம்பாதவனும் நம்பியவன்போல் நடந்துகொண்டான். 1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹாஃப், உள்நாட்டுச் சபைகளைத் தேடிப் புறப்பட்டபோது, பல ஊர்களில் சிதறிய எச்சங்களையே கண்டார். முழு ஊராய், ஒழுங்காய், பள்ளியோடும் ஆலயத்தோடும் நின்றவையாக அவர் கண்டு வியந்து எழுதியவை இரண்டு: ஒன்று முதலூர், மற்றொன்று அதன் வழியில் எழுந்த நாசரேத். பின்னாளில், இந்தியரைக் கிறிஸ்தவராக்குவது வீண் முயற்சி என்று வாதித்த அபே துபுவாவுக்கு மறுப்பாக 1824இல் ஹாஃப் ஒரு நூல் எழுதும் அளவுக்கு இந்நாட்டு அனுபவம் அவருக்கு உறுதி தந்திருந்தது. இரண்டு ஊராருக்கும் ஏனையோருக்கும் விசுவாசத்தில் வேற்றுமை இருந்ததாகக் கருத ஆதாரமில்லை. இவர்களை வெளியேற்ற எவருக்கும் அதிகாரம் இல்லாதிருந்தது; அவர்களை வெளியேற்ற இருந்தது.

இவ்வுண்மையை ஒரு திட்டமாக வகுத்தவர் இரேனியுஸ். பிரஷ்ய நாட்டவராகிய இவர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, பதினெட்டு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, 1838இல் அங்கேயே மறைந்தவர். தமிழ் இலக்கணமும் பூமிசாஸ்திரமும் எழுதியவர் என்ற முறையில் தமிழறிஞர்களுக்கு அறிமுகமானவர். அவருடைய இலக்கணத்தைப் படிப்போர் அவர் நடத்திய நிலக்கணக்கைக் கவனிப்பதில்லை. 1827இல் பிரஷ்யப் பிரபுவாகிய தோனா அனுப்பிய பொருளைக்கொண்டு மேற்கே ஒரு நிலம் வாங்கி, அப்பிரபுவின் பெயராலேயே தோனாவூர் என்னும் ஊரை ஏற்படுத்தினார். பிரபுக்கள் எப்போதும் பணம் அனுப்பிக்கொண்டிரார் என்பதை உணர்ந்தோ என்னவோ, 1830இல் தர்ம சங்கம் என்னும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். சபையார் தாமே சந்தா செலுத்திச் சேர்க்கும் பொருளைக்கொண்டு நிலமும் வீடுகளும் வாங்கி, தொல்லைக்குள்ளானோரைக் குடியமர்த்துவது அச்சங்கத்தின் நோக்கம். நல்லூர், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆசீர்வாதபுரம் என்று இன்றும் அச்சீமை முழுவதும் கேட்கும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்து மனோபாவத்தின் அடையாளங்கள். பனங்காட்டில் நாலணாவும் எட்டணாவும் சேர்ப்பது எளிதன்று. பருவம் பொய்த்தால் கருப்பட்டி இல்லை. கருப்பட்டி இல்லையேல் சந்தாவும் இல்லை. அப்படியிருந்தும் அது நடந்தது என்றால், சொந்த மனை என்பதற்கு அம்மக்கள் மனத்தில் இருந்த மதிப்பே காரணம்.

இனி, இவ்வூர்களின் இயல்பு. வெளித்தோற்றத்திலேயே இவை பழைய ஊர்களினின்று மாறுபட்டன. பழைய பனையேறிக் குடியிருப்பு என்பது மரத்தடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய குடிசைகள். சுற்றிலும் உடைமுள் வேலி. தெரு என்று ஒன்று இல்லை. புதிய ஊர்களில் தெருக்கள் வகுக்கப்பட்டன. நடுவே ஆலயமும், அதை ஒட்டிப் பள்ளியும், பொதுக் கிணறும் அமைந்தன. காலையும் மாலையும் ஆலயமணி அடிக்கும். ஆண்கள் பனையில் இருக்க, பெண்களும் குழந்தைகளும் ஜெபத்துக்குக் கூடுவர். பெண்கள் எழுத்தறியும் ஊர் என்பது அக்காலத்தில் அயலாருக்கு வேடிக்கையாயிருந்தது. சில தலைமுறைகளுக்குப் பிறகு அவ்வேடிக்கையின் பயனை அவர்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

சமய விதிக்கும் தொழில் விதிக்கும் இடையே ஒரு சிக்கல் தொடக்கத்திலேயே எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது என்பது குருவானவரின் கட்டளை. பாளைக்குக் கிழமை தெரியாது. ஒரு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து ஊறல் குறையும்; தொடர்ந்து விட்டுவிட்டால் அப்பாளை அப்பருவத்துக்கு உதவாமற் போகும். இறக்கிய பதநீரைக் காய்ச்சாமல் வைத்தாலோ கெட்டுவிடும். ஆகவே பனையேற்றுக் காலத்தில் ஆராதனை, பனையேறி இறங்கும் நேரத்தை அனுசரித்து நடக்கவேண்டியதாயிற்று. வேத சாஸ்திரம் நன்கறிந்த குருமார் இதனால் சங்கடப்பட்டனர். சபையார் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. அம்மண்ணில் வந்து வேரூன்றிய எந்தச் சமயமும் பனையோடு சமரசம் செய்துகொண்டே ஆகவேண்டும் என்பதை அவர்கள் பிறப்பிலேயே அறிந்தவர்கள்.

காணிக்கை முறைகளிலும் இப்படியே பழையதும் புதியதும் கலந்தன. உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாத முடிவில் ஆலயத்துக்குச் செலுத்தும் கைப்பிடி அரிசி, பெண்கள் தம் பெயரால் செய்த தர்மம். குடும்பத் தலைவனைக் கேட்டுச் செய்யவேண்டாதது. முதல் கருப்பட்டி, முதல் காய், முதல் முட்டை என்று கொண்டுவந்து படைப்பவற்றை ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலமிடுவர். அரையணா பெறும் முருங்கைக்காய்க் கட்டு, வீம்புக்கு ஏற்றிக்கேட்பவர் இருந்தால் நாலணாவுக்குப் போகும். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உண்ணும் அசனம், முன்னோர் செய்த கோயில் கொடையின் சாயலை உடையது என்று நான் கருதுகிறேன். கிடாவும் உண்டு, குழம்பின் வாசனையும் அதேதான், படையல் மட்டும் இல்லை. பனையிலிருந்து விழுந்து இறந்தவனுடைய மனைவிக்கு உதவ ஏற்பட்ட விதவைப் பண்டு அத்தொழிலின் அபாயத்தை நேராகக் கண்டு வகுக்கப்பட்டது. பழைய ஊரில் அவளுக்கு இருந்த ஒரே கதி உறவினர் வாசல்.

ஆயினும் இவ்வூர்களைச் சமத்துவத்தின் இருப்பிடங்கள் என்று வருணிப்பாரோடு நான் உடன்படுவதற்கில்லை. மனைக்காரனின் கொடுமையிலிருந்து தப்பியவர்கள் ஜாதியினின்று தப்பவில்லை; தப்ப விரும்பினர் என்று சொல்வதும் கடினம். முதலூரும் அதன் வழியில் தோன்றிய ஊர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்தாரின் ஊர்களாகவே அமைந்தன. உறவினன் உறவினனை அழைத்ததால் இயக்கம் பரவியது. ஆகவே உறவின் எல்லையே ஊரின் எல்லையும் ஆயிற்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பழைய வட்டத்துக்குள்ளேயே நடந்தன. ஒற்றுமைக்கு இது பெரும் பலம். தீர்ப்புச் சொல்ல ஊர்ப் பஞ்சாயத்துக்கு வசதி. ஆனால் பிற சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவன் ஒருவன் அங்கே மனை கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

வேறொரு சிக்கலும் மெல்ல வெளிப்பட்டது. மனை பனையேறியின் சொந்தப் பெயரில் இல்லை. சங்கத்தின் பெயரிலும் மிஷனின் பெயரிலும் இருந்தது. பழைய மனைக்காரன் போன இடத்தில் புதிய மனைக்காரன் வந்து அமர்ந்தான். அவன் கருணையுள்ளவன், ஊழியம் கேளாதவன், பள்ளி வைத்தவன் என்பதெல்லாம் உண்மையே, எனினும் மனைக்காரன் மனைக்காரன்தான். 1835இல் இரேனியுஸுக்கும் அவரை அனுப்பிய மிஷன் சங்கத்துக்கும் திருச்சபை ஒழுங்கு பற்றிக் கருத்து வேற்றுமை முற்றி, அவர் விலக்கப்பட்டபோது, சபைகள் இரண்டாகப் பிரிந்தன. பிரிந்தவுடனே எழுந்த கேள்விகள் வேத வாக்கியத்தின் பொருளைப் பற்றியவை மட்டும் அல்ல. ஆலயம் எவருக்கு, பள்ளி எவருக்கு, அடிமனை எவருக்கு என்பனவும்தாம். மூன்றாண்டுகளில் அவர் இறந்தமையால் பிளவு ஒருவாறு ஆறியது. கேள்விகள் ஆறவில்லை.

அவற்றை மிகக் கூர்மையாகத் திரும்ப எழுப்பியவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. கொற்கையைச் சார்ந்த இவர், நாசரேத்து வட்டாரத்தில் உபதேசியாராய் இருந்து, அங்கிருந்த ஐரோப்பியக் குருவோடு பிணங்கி நீக்கப்பட்டவர். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நாடார் சமூகத்தைப் பற்றிய சிறு நூல், அச்சமூகத்தாரைத் தாழ்வாக வருணிக்கிறது என்னும் செய்தி பரவியபோது மூண்ட கொதிப்புக்கு இவர் குரலானார். 1857இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில், ஐரோப்பியரின் கட்டுப்பாடு அற்ற இந்து கிறிஸ்தவ சபையை இவர் ஸ்தாபித்தார்; ஏக இரட்சகர் சபை என்பது அதன் பெயர். சனிக்கிழமையே ஓய்வுநாள், புளித்த திராட்சரசம் விலக்கு, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளின் ஆசரணை, தூபம், சாஷ்டாங்க வணக்கம் என்று அவர் வகுத்த சமய முறைகள் தனி ஆராய்ச்சிக்கு உரியன. நம் பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: மிஷனோடு முரணியவர்கள் தம் முரண்பாட்டை நிலைநிறுத்த முற்பட்டபோது, அவர்கள் கையாண்டதும் முதலூரின் முறையேதான். சொந்த நிலம், அதன்மேல் சொந்த ஆலயம், அதைச் சூழச் சொந்தக் குடிகள். அறுபது ஆண்டுகளுக்குள் தாவீது கண்ட உபாயம் அந்நாட்டின் பொதுச் சொத்தாகிவிட்டது. அதைக் கற்பித்தவர்களையே எதிர்க்கவும் அது பயன்பட்டது.

இதே காலத்தில் எழுந்த மெய்ஞ்ஞானபுரத்தையும் இடையன்குடியையும் இங்கே ஒப்புநோக்கலாம். முன்னதை அமைத்தவர் ஜான் தாமஸ். அங்கே அவர் எழுப்பிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரமுடையது, தேரியில் நெடுந்தொலைவு வருவோர்க்கு அதுவே வழிகாட்டி. பின்னதை 1841இல் வந்து ஏற்றவர் கால்டுவெல். சாய்ந்தும் வளைந்தும் கிடந்த குடிசைகளை அவர் நேர்த்தெருக்களாக மாற்றி, கிணறுகள் வெட்டுவித்து, நிழல்மரங்கள் நட்டார். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தார். நெடுங்காலம் நடந்த ஆலயப்பணி 1880இல் முற்றுப்பெற்றது. 1891இல் இறந்த அவர் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கை தெருவுக்குக் கயிறும் பிடித்தது. இவ்விரண்டு ஊர்களும் அழகில் முதலூரை வெல்லும். ஆனால் அவை ஒரு பெருமகனின் மனத்தில் முன்பே வரையப்பட்டு, அவர் மேற்பார்வையில் எழுந்தவை. ஐயர் இருந்த பங்களாவிலிருந்து பார்த்தால் தெரு நேராகத் தெரியும். முதலூரோ 28 பேர் தம் அவசரத்திற்கு அமைத்துக்கொண்டது. அங்கே ஐரோப்பியர் வருமுன்பே ஊர் இருந்தது. ஓர் ஊர் எவர் முயற்சியால் தோன்றிற்று என்பது அதன் பிற்கால நடையிலும் புலப்படும் என்றே கருதுகிறேன். இவ்வூரார் தம் குருமாரோடு வழக்காடத் தயங்காதவர்கள் என்னும் பெயர் அவ்வட்டாரத்தில் உண்டு.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம், பல்லாயிரம் பேரை இச்சபைகளுக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கெல்லாம் மனை வாங்க எந்தச் சங்கத்திடமும் பொருள் இல்லை. குடியேற்ற ஊர்களின் காலம் ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. பள்ளியில் எழுத்தறிந்தவர்கள் பனையை விட்டு இறங்கி, ஆசிரியர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இலங்கைக்கும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்றனர். இன்று முதலூரின் பெயரை அறியாத வெளியூரார்க்கு அதை அறிமுகப்படுத்துவது பெரும்பாலும் மஸ்கோத் அல்வாதான். மைதாவைப் பிசைந்தெடுத்த பாலைத் தேங்காய்ப்பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்து, நெய் ஒரு துளியும் இன்றிக் கிண்டும் அப்பண்டம் இலங்கைத் தொடர்பின் வழியே வந்து இவ்வூரில் குடிகொண்டது. நிலத்தைப் பற்றிய பழைய பிரச்சினை வேறோர் உருவில் தொடர்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின்பு, மிஷன்கள் சேர்த்துவைத்த ஆலயங்கள், பள்ளிகள், மனைகள் ஆகியவற்றின் பாத்தியதை திருமண்டல டிரஸ்டு சங்கத்தின்பாற்பட்டது. 2003இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியே பிரிந்தபோது அச்சொத்துக்களும் பிரிக்கப்பட வேண்டியிருந்தன. பாளையங்கோட்டைப் பக்கத்துப் பள்ளிப் பலகைகளில் டி.டி.டி.ஏ. என்றும், நாசரேத்துப் பக்கத்தில் டி.என்.டி.டி.ஏ. என்றும் காணும் எழுத்துக்கள் அந்த டிரஸ்டுகளின் பெயர்ச்சுருக்கமே. அவற்றின் நிர்வாகத் தேர்தல்கள் ஒவ்வொரு முறையும் எத்துணைக் கடுமையாக நடைபெறுகின்றன என்பதை அம்மாவட்டத்தார் எவரும் அறிவர்.